அலுவலகக் கணினிகளின் ஃபயர்வால்: விதிகளை எங்கிருந்து அனுப்புவது?

"எந்த ஃபயர்வால் வாங்கலாம்?" என்று கேட்கிற பெரும்பாலான அலுவலகங்களில், ஒவ்வொரு கணினியிலும் ஏற்கெனவே நல்ல ஃபயர்வால் (எந்த நெட்வொர்க் இணைப்பை விடுவது, எதைத் தடுப்பது என்று காவல் பார்க்கும் மென்பொருள்) ஒன்று இருக்கிறது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற, தானாகப் பரவும் புழு 135ஆம் போர்ட் (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியாக உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகளில் புகுந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாகவே ஆன் செய்யப்பட்டு வருகிறது. அதன் எஞ்சின் (தடுக்கும் வேலையைச் செய்யும் உள்பகுதி) இன்றைய தேவைக்குத் தாராளமாகப் போதும்.

எனவே முடிவெடுக்க வேண்டியது எஞ்சினைப் பற்றி அல்ல. விதிகளை அத்தனை கணினிகளுக்கும் எந்த வழியாகக் கொண்டு சேர்ப்பது என்பதுதான் கேள்வி. ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு), குரூப் பாலிசி (விண்டோஸ் சர்வரிலிருந்து அமைப்புகளை அனுப்புவது), இன்டியூன் (மைக்ரோசாஃப்டின் கிளவுட் நிர்வாகச் சேவை), ஆன்டிவைரஸ் தொகுப்பின் கன்சோல் (நிர்வாகத் திரை) என்று நான்கு வழிகள் உண்டு. இவற்றை வசதிகளின் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். தவறான விதி ஒன்று அறுபது கணினிகளுக்கும் போய்விட்டது, அதை எவ்வளவு நேரத்தில், இருக்கையை விட்டு எழாமல் திரும்பப் பெற முடியும் என்று கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். இந்தக் கட்டுரை அந்த அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. எடுத்துக்காட்டுக்கு ஏறக்குறைய 60 விண்டோஸ் கணினிகள், ஒரு ஃபைல் சர்வர், கணக்குப் பிரிவில் டேலி, இரண்டு லினக்ஸ் சர்வர்கள் உள்ள ஓர் அலுவலகத்தை வைத்துக்கொள்வோம்.

வழி எதுவானாலும் மாறாதவை

ரவுட்டரில் ஃபயர்வால் இருக்கும்போது கணினியில் எதற்கு என்ற கேள்வி வரும். ஒரே சுவிட்சில் இருக்கும் இரண்டு கணினிகள் பேசிக்கொள்வது ரவுட்டரின் கண்ணிலேயே படாது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை புழு பரவியது அப்படித்தான். உள்ளே வந்த ஒரு கணினியிலிருந்து 445ஆம் போர்ட் வழியாகப் பக்கத்துக் கணினிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. அதைப் போடாத கணினியிலும், பணியாளர் கணினிகளுக்கிடையே 445 மூடியிருந்தால் புழு அங்கேயே நின்றிருக்கும்.

ஆகவே முதல் வேலை, பணியாளர் கணினி ஒன்று இன்னொரு பணியாளர் கணினியிடமிருந்து எதையும் ஏற்கக் கூடாது. ஃபைல் ஷேரிங்கின் 445, ஆர்பிசியின் (தொலைவிலிருந்து விண்டோஸ் சேவைகளை அழைக்கும் முறை) 135, ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389, பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளைக் கருவி) ரிமோட்டிங்கின் 5985 ஆகியவை ஐடி பிரிவின் ஐபி முகவரிகளுக்கு மட்டும் திறந்திருக்கட்டும். விதியின் ஸ்கோப்பில் (அது பொருந்தும் முகவரி வரம்பில்) "லோக்கல் சப்நெட்" (அதே நெட்வொர்க் பிரிவு) என்று போட்டுவிட்டுப் பாதுகாப்பாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். மொத்த அலுவலகமும் ஒரே சப்நெட்டில் இருந்தால் அதன் பொருள் "எல்லாரும்" என்பதுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 445ஐ மூட வேண்டும் என்றதும் பலர் "பிளாக்" விதி ஒன்றை எழுதுகிறார்கள். மறுநாள், ஸ்கேன் செய்ததைப் பணியாளரின் கணினியில் உள்ள ஃபோல்டருக்கே அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின் வேலை செய்யாது, ஏனென்றால் அதுவும் 445 வழியாகத்தான் உள்ளே வருகிறது. சரி, அந்த மெஷினின் ஐபிக்கு மட்டும் "அலவ்" விதி சேர்ப்போம் என்று சேர்த்தாலும் வேலை செய்யாது. விண்டோஸில் பிளாக் விதி அலவ் விதியை வென்றுவிடும். ஐபி எவ்வளவு குறிப்பாக இருந்தாலும் அது மாறாது. உள்வரும் இணைப்புகளுக்கு இயல்புநிலையே தடுப்புதான் என்பதால் பிளாக் விதி தேவையே இல்லை. தேவையற்ற அலவ் விதிகளை எடுத்துவிட்டு, வேண்டியதை மட்டும் ஸ்கோப்புடன் திறந்தால் போதும். ஸ்கேனரைப் பொறுத்தவரை, ஃபைல் சர்வரில் ஒரு ஷேருக்கு அனுப்பச் செய்வதுதான் நிரந்தரத் தீர்வு.

டேலி சர்வருக்கும் இதே பாணிதான். டேட்டா ஃபோல்டர் ஷேர் செய்யப்பட்டிருந்தால் 445, லைசென்ஸ் அந்த சர்வரில் இருந்தால் 9999, வேறு மென்பொருள் எதுவும் டேலியிடமிருந்து தகவல் எடுத்தால் இயல்பாக 9000. மூன்றும் கணக்குப் பிரிவின் கணினிகளுக்கு மட்டும். அந்தக் கணினிகளின் ஐபியை டிஹெச்சிபியில் (கணினிகளுக்கு ஐபி வழங்கும் சேவையில்) ரிசர்வ் செய்துவிட்டுத்தான் விதியில் எழுத வேண்டும். இல்லையென்றால் நீண்ட விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஒரு கணினிக்கு மட்டும் ஐபி மாறி, "டேலி ஓப்பன் ஆகலை" என்று அழைப்பு வரும். அப்போது யாரும் ஃபயர்வாலைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஸ்கிரிப்டும் கைவேலையும்

பத்துப் பதினைந்து கணினிகள், டொமைன் (அலுவலகக் கணினிகளை ஒரு சர்வரின் கீழ் இணைக்கும் விண்டோஸ் அமைப்பு) இல்லை, கிளவுட் சந்தா இல்லை என்றால் இந்த வழிதான். ஒரு கணினியில் விதிகளைச் சரியாக அமைத்து, ஃபயர்வால் கன்சோலின் "எக்ஸ்போர்ட் பாலிசி" மூலம் கோப்பாக எடுத்து, மற்றவற்றில் "இம்போர்ட்" செய்யலாம். இம்போர்ட் என்பது சேர்ப்பது அல்ல, இருப்பதை முழுதாக மாற்றிப் போடுவது. அந்தக் கணினியில் பேங்க் டோக்கன் மென்பொருளோ பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் மென்பொருளோ தனக்காக வைத்திருந்த விதி இருந்தால் அதுவும் போய்விடும். அதனால் இம்போர்ட் செய்வதற்கு முன் ஒவ்வொரு கணினியின் பழைய நிலையையும் எக்ஸ்போர்ட் செய்து, கணினியின் பெயரையும் தேதியையும் இட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பவர்ஷெல் ஸ்கிரிப்ட் இதைவிட மேல், ஆனால் அதிலும் ஒரு சிக்கல். புதிய விதியை உருவாக்கும் கட்டளையை ஒரே டிஸ்பிளே பெயரோடு பத்து முறை ஓட்டினால் பத்து விதிகள் உருவாகும். பிழைச்செய்தி எதுவும் வராது. பிறகு ஒன்றைத் திருத்தினால் மீதி ஒன்பது பழைய ஐபியோடு திறந்தே கிடக்கும். மூன்று ஆண்டுகள் ஸ்கிரிப்ட் ஓடிய கணினிகளில் ஒரே விதி வரிசையாக நிற்பது அரிதல்ல. இதைத் தவிர்க்க இரண்டு பழக்கங்கள் போதும். ஒவ்வொரு விதிக்கும் டிஸ்பிளே பெயரோடு "நேம்" என்ற உள்பெயரையும் நீங்களே கொடுங்கள்; அது இருமுறை வந்தால் கட்டளை பிழை காட்டி நிற்கும். உங்கள் விதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே "குரூப்" பெயர் வையுங்கள்; ஸ்கிரிப்டின் முதல் வேலை அந்தக் குரூப்பை மொத்தமாக நீக்குவது, இரண்டாவது வேலை புதிதாக எழுதுவது.

திரும்பப் பெறுவதைப் பார்த்தால் இந்த வழிதான் நான்கிலும் பலவீனமானது. ஸ்கிரிப்ட் ஓடிய நேரத்தில் அணைந்திருந்த கணினி பழைய நிலையிலேயே இருக்கும். எது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அட்மின் உரிமை உள்ள பணியாளர் விதியை மாற்றினால் அது மாற்றப்பட்டபடியே நிற்கும். இருபது கணினிகளைத் தாண்டினால் இதில் காலத்தைப் போடாதீர்கள்.

குரூப் பாலிசி

விண்டோஸ் சர்வரும் டொமைனும் இருந்து, கணினிகள் பெரும்பாலும் அலுவலகத்திலேயே இருந்தால் இதற்கு இணை இல்லை. கூடுதல் செலவும் கிடையாது. கணினிப் பிரிவின் செக்யூரிட்டி செட்டிங்க்ஸுக்குள் உள்ள ஃபயர்வால் பகுதியில் விதியை எழுதினால், ஒவ்வொரு கணினியும் 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதோடு 30 நிமிடம் வரை தற்செயல் இடைவெளி சேர்த்து, வந்து எடுத்துக்கொள்ளும். உள்வரும் விதியில் தவறு செய்துவிட்டால் பாலிசியைத் திருத்துங்கள். ஆன் ஆகியிருக்கிற கணினிகள் அதிகபட்சம் இரண்டு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். கணினி டொமைன் கன்ட்ரோலரை (டொமைனை நடத்தும் சர்வரை) தேடிப் போவது வெளிச்செல்லும் இணைப்பு என்பதால் உள்வரும் விதியின் தவறு அந்தப் பாதையை அடைப்பதில்லை. இந்தத் தானே ஆறும் குணத்தைத்தான் நாம் தேடுகிறோம்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு செட்டிங், "அப்ளை லோக்கல் ஃபயர்வால் ரூல்ஸ்". இதை "நோ" என்று வைத்தால் பாலிசியில் உள்ள விதிகள் மட்டும்தான் செல்லும். இன்ஸ்டாலர்கள் தாமாகச் சேர்த்தவை, பணியாளர் சேர்த்தவை எல்லாம் செயலிழக்கும். வலுவான நிலை அதுதான். ஆனால் விண்டோஸே வைத்திருக்கும் "கோர் நெட்வொர்க்கிங்" விதிகளும் லோக்கல் விதிகள்தானே, அவையும் சேர்ந்து அடைபடும். அதனால் பாலிசியில் "ப்ரீடிஃபைன்ட்" பட்டியலிலிருந்து அந்தத் தொகுப்பை முதலில் சேர்த்துவிட்டு, பிறகு "நோ" போடுங்கள். பிங் (கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) வேண்டுமென்றால் "ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்" தொகுப்பில் உள்ள எக்கோ ரிக்வெஸ்ட் விதியையும், ஐடி பிரிவின் ஐபிக்கு மட்டும்.

அந்த "நோ"வுக்கு அவசரப்படாதீர்கள். அதற்கு முன் ஒரு மாதமாவது லாக் (ஃபயர்வாலின் பதிவேடு) எடுத்துப் பாருங்கள். எந்த மென்பொருளை யார் எப்போது பயன்படுத்துகிறார்கள் என்பது மாதக் கடைசியிலும், ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளை ஒட்டியும்தான் தெரியவரும். இரண்டு வார லாக்கை நம்பி முடிவெடுத்தால், மாதம் ஒரு முறை மட்டும் ஓடுகிற சம்பள மென்பொருள் விட்டுப்போகும். மாற்றத்தை அமல்படுத்தவும் அந்தத் தேதிகளைத் தவிருங்கள். 21க்குப் பிறகு வரும் செவ்வாய் அல்லது புதன் நல்ல நாள்.

லாக் இயல்பாக ஆஃப்பில் இருக்கும். மூன்று புரொஃபைல்களிலும் (நெட்வொர்க்கின் வகைக்கேற்ப மாறும் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்ற அமைப்புகளிலும்) "டிராப்ட் பாக்கெட்ஸ்" (தடுக்கப்பட்டவை) பதிவை ஆன் செய்து, அளவை இயல்பான 4,096 கேபியிலிருந்து 16,384 கேபி ஆக்குங்கள். லாக் கோப்பின் இடத்தை மாற்றினால், புதிய ஃபோல்டரில் ஃபயர்வால் சர்வீஸின் கணக்குக்கு எழுதும் உரிமை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் செட்டிங் சரியாகவே தெரியும், கோப்பில் ஒரு வரிகூட வராது. 16 எம்பி கொண்ட கோப்பும் சில நாட்களில் நிரம்பிப் பழையது அழிந்துவிடும். இந்தியாவில் செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி நிறுவனங்கள் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். எனவே லாக்கைத் தினமும் ஒரு சர்வருக்குத் திரட்டும் ஏற்பாட்டையும் இதே வேலையின் பகுதியாகக் கணக்கில் எடுங்கள்.

குரூப் பாலிசியில் அதிகம் தலைவலி கொடுப்பது விதி அல்ல, புரொஃபைல். கணினி டொமைன் கன்ட்ரோலரைக் கண்டுகொண்டால் "டொமைன்" புரொஃபைல். இல்லையென்றால் "பப்ளிக்" அல்லது "பிரைவேட்". காலையில் வைஃபை கிடைக்கத் தாமதமாகி, கணினி அலுவலகத்துக்குள்ளேயே "பப்ளிக்" என்று முடிவு கட்டிவிடுவதுண்டு. அப்போது டொமைன் புரொஃபைலுக்கு எழுதிய விதி எதுவும் செல்லாது. ரிமோட் சப்போர்ட் கிடைக்காது, பிங் போகாது, ஆனால் பணியாளருக்கு இணையம் நன்றாகவே ஓடும். அட்மின் விதிகளைத் திருத்திக்கொண்டிருப்பார். முதலில் பார்க்க வேண்டியது புரொஃபைலை. நெட்வொர்க் அடாப்டரை ஒரு முறை டிசேபிள் செய்து எனேபிள் செய்தால் பெரும்பாலும் சரியாகும். விண்டோஸ் சர்வர் 2025 வந்த புதிதில் டொமைன் கன்ட்ரோலர்களே ரீஸ்டார்ட்டுக்குப் பின் இப்படித் தவறான புரொஃபைலை எடுத்துக்கொண்டன. மைக்ரோசாஃப்ட் அதை 2025 ஜூன் அப்டேட்டில்தான் சரிசெய்தது. இதனால் டொமைன் புரொஃபைலை மட்டும் அமைத்துவிட்டு மற்ற இரண்டையும் "நாட் கன்ஃபிகர்டு" என்று விட்டுவிடாதீர்கள். மூன்றிலும் ஃபயர்வால் ஆன், உள்வரும் தடுப்பு என்று எழுதிவிடுங்கள்.

இன்னொரு மறைவான சிக்கல், யாரும் எழுதாத பிளாக் விதி. புதிய மென்பொருள் முதன்முறை இணைப்புக்காகக் காத்திருக்கும்போது விண்டோஸ் "அனுமதிக்கலாமா?" என்று கேட்கும். பணியாளருக்கு அட்மின் உரிமை இல்லையென்றால் பெரும்பாலும் கேட்காமலே, உரிமை இருந்து "கேன்சல்" அழுத்தினாலும், அந்த மென்பொருளுக்கு டிசிபி, யுடிபி என்ற இரு இணைப்பு முறைகளுக்கும் ஒவ்வொன்றாக இரண்டு பிளாக் விதிகள் உருவாகிவிடும். லோக்கல் விதிகள் செல்லுபடியாகும் நிலையில், நீங்கள் பாலிசியில் அனுப்பும் அலவ் விதியை இவை தோற்கடித்துவிடும். "எல்லாக் கணினியிலும் ஓடுது, இந்த ஒன்றில் மட்டும் ஓடலை" என்று வந்தால் இப்படிப் பாருங்கள்: ஃபயர்வால் கன்சோலில் "மானிட்டரிங்" கிளைக்குக் கீழே உள்ள "ஃபயர்வால்" பட்டியலைத் திறந்து, "ஆக்‌ஷன்" நெடுவரிசையை அழுத்தி வரிசைப்படுத்துங்கள். பிளாக் விதிகள் சிவப்புத் தடைக்குறியோடு ஒன்றாக வந்து நிற்கும். அதில் அந்த மென்பொருளின் பெயர் இருந்தால் "இன்பவுண்டு ரூல்ஸ்" பகுதிக்குப் போய் இரண்டையும் நீக்குங்கள். இதைக் குணப்படுத்துவதைவிடத் தடுப்பது எளிது: மென்பொருளை நிறுவும் முன்பே அதற்கான அலவ் விதி பாலிசி மூலம் வந்திருக்க வேண்டும்.

லாக் எந்த விதி தடுத்தது என்று சொல்லாது. நேரம், ஐபி, போர்ட் மட்டும் சொல்லும். விதி தெரிய வேண்டுமென்றால் ஆடிட் பாலிசியில் "ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம் கனெக்‌ஷன்" என்பதை ஆன் செய்து, செக்யூரிட்டி லாக்கில் 5157ஆம் நிகழ்வைப் பாருங்கள். அந்தக் கணினியில் மட்டும், அரை மணி நேரம் மட்டும். நாள் முழுக்க விட்டால் அந்த லாக்கில் வேறெதுவும் மிஞ்சாது.

இன்டியூன்

பணியாளர்களில் பாதிப் பேர் லேப்டாப்போடு வெளியிலோ வீட்டிலோ இருந்தால் குரூப் பாலிசி அவர்களைப் போய்ச் சேராது. விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்பு) போட்டால்தான் பாலிசி வரும், அதுவும் அவர்கள் போட்டால்தான். இன்டியூனுக்கு இணையம் மட்டும் போதும். 300 பேர் வரையிலான அலுவலகம் மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் வைத்திருந்தால் இன்டியூன் அதற்குள்ளேயே இருக்கிறது. பணம் கட்டிக்கொண்டே அதைத் திறந்துகூடப் பார்க்காத அலுவலகங்கள் உண்டு.

அமைப்பு "எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி" பகுதியில் "ஃபயர்வால்" என்ற இடத்தில் இருக்கிறது. ஆன்-ஆஃப், லாக் அளவு, லோக்கல் விதிகளைச் சேர்ப்பதா என்பவை ஒரு பாலிசி. விதிகள் தனிப் பாலிசி. ஒரு விதிப் பாலிசியில் 150 விதிகள் வரை. அந்த எல்லையை யாரும் தொட வேண்டியதில்லை. சின்னச் சின்னதாகப் பிரிப்பதுதான் இங்கே நல்லது. காரணம் இருக்கிறது. ஒரு தொகுப்பை அமல்படுத்தும்போது நடுவில் ஒரு விதியில் பிழை வந்தால், இன்டியூன் விதிகளைக் கணினியில் பதிக்கும் பகுதி அங்கேயே நின்றுவிடும். முன்னால் போனவை அப்படியே இருக்கும், பின்னால் உள்ளவை வராது. முப்பது விதிகளில் பன்னிரண்டாவதில் ஐபி வரம்பைத் தப்பாக எழுதியிருந்தால், கணினி பதினொரு விதிகளோடு அரைகுறையாக நிற்கும். கணக்குப் பிரிவுக்கு ஒன்று, ஐடி சப்போர்ட்டுக்கு ஒன்று, எல்லாருக்கும் பொதுவாக ஒன்று என்று பிரித்து வைத்தால் பிழை ஒரு கூட்டத்தோடு நிற்கும்; அறிக்கையில் கண்டுபிடிப்பதும் எளிது.

வேகத்தில் இது குரூப் பாலிசிக்குப் பின்னால்தான். வழக்கமான தொடர்பு ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. பாலிசியை மாற்றியதும் கணினிக்குத் தகவல் போகும், ஆன்லைனில் இருந்தால் பல நேரம் சில நிமிடங்களில் வந்துவிடும். ஆனால் "வந்துவிடும்" என்று எண்ணிக் காத்திருக்க முடியாது. அவசரமென்றால் கன்சோலிலிருந்து அந்தக் கணினிக்கு "சிங்க்" கொடுக்கலாம். மூடி வைத்த லேப்டாப் திறக்கும்வரை எதுவும் நடக்காது. ஆகவே இன்டியூனில் சோதனைக் குழு கட்டாயம். அறுபது கணினியில் முதலில் நான்கு, அதில் ஒன்று கணக்குப் பிரிவினுடையது. மூன்று வேலைநாள் கழித்துப் பதினைந்து. ஒரு வாரம் கழித்து மீதி.

ஆன்டிவைரஸ் தொகுப்போடு வரும் ஃபயர்வால்

இதில் இரண்டு வகை இருக்கிறது, வாங்கும் முன் விற்பனையாளரிடம் கேட்டாக வேண்டும். ஒரு வகை விண்டோஸின் சொந்த ஃபயர்வாலையே தன் கன்சோலிலிருந்து இயக்கும். இன்னொரு வகை விண்டோஸ் ஃபயர்வாலை ஒதுக்கிவிட்டுத் தன் எஞ்சினை வைக்கும். முதல் வகையில் சந்தா முடிந்தாலும் விண்டோஸ் ஃபயர்வால் இயங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வகையில் சந்தா முடிந்தாலோ ஏஜென்ட் (கணினியில் நிறுவப்படும் அதன் பகுதி) பழுதானாலோ என்ன நடக்கும் என்பது அந்த மென்பொருளைப் பொறுத்தது. விண்டோஸ் ஃபயர்வால் திரும்ப எழுமா என்று ஒரு சோதனைக் கணினியில் ஏஜென்டை அகற்றிப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

இதன் உண்மையான பலம் கன்சோல்தான். ஏஜென்ட் அடிக்கடி தொடர்பு கொள்வதால் மாற்றம் சீக்கிரம் போய்ச் சேரும், எந்தக் கணினியில் போகவில்லை என்பதும் ஒரே திரையில் தெரியும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் கலந்திருந்தால் இது பெரிய வசதி. பலவீனம், கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) அமரும் இன்னொரு டிரைவர் உங்கள் நெட்வொர்க் பாதையில் சேர்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஓர் அப்டேட் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அது ஃபயர்வால் விதியால் வந்ததல்ல. ஆனால் கர்னலில் ஓடும் பாதுகாப்பு ஏஜென்டின் அப்டேட் எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் போனால் என்ன ஆகும் என்பது அன்று தெரிந்தது. இந்த வழியைத் தேர்ந்தால் அப்டேட்டைக் கட்டம் கட்டமாக விடும் வசதி இருக்கிறதா என்று விலைக்கு முன்னால் கேளுங்கள்.

எந்தத் தொகுப்பின் உதவி மையம் சொன்னாலும் விண்டோஸ் ஃபயர்வாலின் சர்வீஸை நிறுத்தாதீர்கள். ஃபயர்வாலை அணைக்க வேண்டுமென்றால் புரொஃபைலில் ஆஃப் செய்வதுதான் முறை. சர்வீஸையே நிறுத்தினால் ஸ்டார்ட் மெனு வேலை செய்யாமல் போவது, ஸ்டோர் மென்பொருள்கள் நிறுவப்படாமல் போவது போன்ற, ஃபயர்வாலோடு தொடர்பே இல்லாததுபோலத் தெரியும் கோளாறுகள் வரும்.

லினக்ஸ் சர்வர்களும் மேக்கும்

லினக்ஸின் ஃபயர்வால் கருவி உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ, ரெட் ஹேட் குடும்பத்தில் ஃபயர்வால்டி. சர்வர் இரண்டுதான் என்றால் அந்தந்த டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) கருவியையே வைத்துக்கொள்ளுங்கள்; ஐந்தைத் தாண்டினால் அன்சிபிள் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) கொண்டு எழுதுங்கள். லினக்ஸின் அடிப்படை ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸை நேரடியாக எழுதுவது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு மிக நல்ல வழி. கோப்பை ஏற்றாமல் சரிபார்க்கலாம், ஏற்றும்போது முழுதாக ஏறும் அல்லது எதுவும் ஏறாது.

உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ இயல்பாக அணைந்தே இருக்கும். எஸ்எஸ்ஹெச்சுக்கு (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழிக்கு) அனுமதி கொடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். வரிசை மாறினால் சர்வர் அறைக்கு நடக்க வேண்டியதுதான். ஃபயர்வால்டியில் நிரந்தரம் என்று குறிக்காத விதி ரீலோடிலேயே போய்விடும், நிரந்தரம் என்று குறித்த விதி ரீலோடு செய்யும்வரை அமலுக்கு வராது. அதிலேயே ஐந்து நிமிடத்தில் தானாக நீங்கும் விதி எழுதும் வசதியும் உண்டு. அது ஒரு போர்ட்டைச் சற்று நேரம் திறந்து பார்க்க. மூடும் மாற்றங்களைச் சோதிக்க, பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திருப்பும் ஒரு வேலையை முன்கூட்டியே ஷெட்யூல் செய்துவிட்டுக் கை வையுங்கள். இணைப்பு நிலைத்தால் அந்த வேலையை ரத்து செய்யுங்கள்.

டாக்கர் (மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஓடும் சர்வரில் யுஎஃப்டபிள்யூவை நம்பியிருப்பவர்கள் இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். கன்டெய்னருக்குத் திறந்த போர்ட்டை யுஎஃப்டபிள்யூவில் மூடிவிட்டு வேறொரு கணினியிலிருந்து தொட்டுப் பாருங்கள், திறந்தே இருக்கும். டாக்கர் அந்தப் பாக்கெட்டின் முகவரியை முன்னதாகவே மாற்றி ஃபார்வர்டு பாதைக்கு அனுப்பிவிடுகிறது. யுஎஃப்டபிள்யூவின் விதிகள் காத்திருப்பதோ இன்புட் பாதையில். டேட்டாபேஸ் கன்டெய்னரை 127.0.0.1 முகவரியோடு (அந்த சர்வருக்குள் மட்டும் செல்வது) மட்டும் கட்டிவிடுவது எளிய தீர்வு. வெளியிலிருந்து சிலருக்கு மட்டும் வேண்டுமென்றால் டாக்கர் அதற்கென்றே விட்டிருக்கும் "டாக்கர்-யூசர்" செயினில் எழுத வேண்டும்.

மேக்கின் ஃபயர்வால் மென்பொருள்வாரியாக, உள்வரும் இணைப்பை மட்டும் பார்க்கும். எம்டிஎம் (கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் சேவை) மூலம் ஆன் செய்து ஸ்டெல்த் மோடும் (தேடும் சோதனைகளுக்குப் பதில் சொல்லாத நிலை) போட்டால் அலுவலகத் தேவைக்குப் போதும். 2024இல் வந்த செக்கோயா என்ற மேக் பதிப்பிலிருந்து அதன் அமைப்புகள் பழைய பிலிஸ்ட் (அமைப்புகளைச் சேமிக்கும்) கோப்பில் இல்லை. அந்தக் கோப்பைத் திருத்தும் பழைய ஸ்கிரிப்டுகள் இருந்தால் தூக்கிவிடுங்கள்.

வெளிச்செல்லும் இணைப்பையும் மூடலாமா?

முழுதாக மூட வேண்டாம். உள்வரும் விதியில் தவறினால் அடுத்த பாலிசி வந்து காப்பாற்றும். வெளிச்செல்லும் விதியில் தவறினால் அந்தப் பாலிசியை எடுக்கப் போகும் வழியே அடைபட்டுவிடும். குரூப் பாலிசியோ இன்டியூனோ எதுவும் உதவாது, ஒவ்வொரு கணினியாக நேரில் போக வேண்டும். அந்த ஆபத்துக்கு ஈடான பலன் சாதாரண அலுவலகத்தில் கிடைக்காது.

அதற்குப் பதிலாக, தாக்குபவர்கள் வழக்கமாக இரவல் எடுக்கும் விண்டோஸின் சொந்தக் கருவிகளான எம்எஸ்ஹெச்டிஏ, டபிள்யூஸ்கிரிப்ட், சிஸ்கிரிப்ட், ரெக்எஸ்விஆர்32, செர்ட்யூட்டில் ஆகியவை இணையத்துக்குப் போவதை மட்டும் தடுங்கள். ஸ்கோப்பில் "இன்டர்நெட்" என்று குறித்தால் உள்நெட்வொர்க் வேலைகள் பாதிக்காது. 32 பிட், 64 பிட் ஃபோல்டர்கள் இரண்டிலும் இந்தக் கருவிகள் இருக்கும், இரண்டுக்கும் விதி வேண்டும். பவர்ஷெல்லையும் சேர்க்கலாம், ஆனால் ஐடி பிரிவின் கணினிகளை விலக்கிவிட்டு.

அப்டேட்

எஞ்சினின் அப்டேட் விண்டோஸ் அப்டேட்டோடு மாதத்தின் இரண்டாம் செவ்வாய் தானாக வரும். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், நீட்டிப்புச் சந்தா எடுக்காத கணினிகளில் எஞ்சினின் அப்டேட்டும் அன்றோடு நின்றது. விதி எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்தக் கணினிகளைத் தனி நெட்வொர்க்கில் வைப்பதே நல்லது.

விதிகளின் அப்டேட்டை யாரும் தானாகச் செய்து தரமாட்டார்கள். அதிகம் உடைவது, மென்பொருளின் பாதையை வைத்து எழுதிய விதி. பதிப்பு எண் ஃபோல்டர் பெயரிலேயே இருக்கும் மென்பொருள் அடுத்த பதிப்புக்கு மாறியதும் விதி காலியான இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். பணியாளரின் புரொஃபைல் ஃபோல்டருக்குள் நிறுவப்படும் மென்பொருள்களுக்குப் பாலிசியில் "யூசர் புரொஃபைல்" மாறியை எழுதினாலும் பலனில்லை. ஃபயர்வால் சர்வீஸுக்கு எந்தப் பணியாளர் என்று தெரியாது. அப்படிப்பட்டவற்றை எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டரில் நிறுவும் பதிப்பு இருந்தால் அதற்கு மாறுங்கள், இல்லையென்றால் போர்ட்டும் ஐபியும் வைத்து எழுதுங்கள்.

ஒவ்வொரு விதியின் விளக்கப் பெட்டியிலும் மூன்று விஷயம் இருக்கட்டும்: யார் கேட்டது, எதற்கு, எந்தத் தேதியில் மறுபரிசீலனை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேதி தாண்டியவற்றை எடுத்து, அழிக்காமல் முதலில் டிசேபிள் மட்டும் செய்யுங்கள். ஒரு மாதக் கணக்கு முடிந்தும் யாரும் கூப்பிடவில்லை என்றால் அழியுங்கள். லோக்கலாக யாராவது விதி சேர்ப்பதைக் கண்டுபிடிக்க செக்யூரிட்டி லாக்கில் 4946, 4947, 4948 நிகழ்வுகளைக் கவனிக்கலாம். முறையே சேர்த்தல், திருத்தல், நீக்கல்.

எதை எடுப்பது

எடுத்துக்காட்டு அலுவலகத்தில் கணினிகள் மேசையை விட்டு நகரவில்லையென்றால் குரூப் பாலிசி, இரண்டாவது யோசனை வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லேப்டாப்புகளாக வெளியே திரிந்தால் இன்டியூன். மூன்று வகை இயங்குதளமும் கலந்து, பார்த்துக்கொள்ள ஒருவர்தான் இருக்கிறார் என்றால், விண்டோஸின் சொந்த ஃபயர்வாலை இயக்கும் வகையைச் சேர்ந்த தொகுப்பு. தன் எஞ்சினை வைக்கும் வகையைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

குரூப் பாலிசியும் இன்டியூனும் ஒரே கணினிக்கு விதி அனுப்புவதைத்தான் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இரண்டின் விதிகளும் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும். இன்டியூனில் எடுத்துவிட்டதாக நினைத்த அலவ் விதி குரூப் பாலிசியில் உயிரோடு இருக்கும். மோதல் வந்தால் எம்டிஎம் வெல்லட்டும் என்று ஒரு செட்டிங் இருக்கிறதே என்பார்கள். அது ஃபயர்வால் விதிகளுக்குப் பொருந்தாது. மாறுவதானால் நான்கு கணினிகளை டொமைனில் தனி ஓயுவுக்கு (டொமைனுக்குள் உள்ள உட்பிரிவுக்கு) நகர்த்தி, ஃபயர்வால் பாலிசி அங்கே இணைக்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வரும் பாலிசியையும் கவனியுங்கள். இன்டியூனில் அதே விதிகளை அவற்றுக்கு ஒதுக்கி, சிங்க் கொடுத்து, "மானிட்டரிங்" பட்டியலைத் திறந்து ஒவ்வொரு விதியின் "ரூல் சோர்ஸ்" என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அந்த நான்கிலும் குரூப் பாலிசியின் பெயர் ஓரிடத்திலும் இல்லாதபோதுதான் அடுத்த பதினைந்தை நகர்த்த வேண்டும்.